ஸ்டாஃபி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு

ஸ்டாஃபி என்கிற ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர் நாயை வாங்கலாமா என்று எனக்குப் போன் செய்கிற நம்ம ஆட்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர், "பார்க்கவே பயமா இருக்கே, வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு, சரிப்படுமா?" என்பார். இன்னொருவர், "செம கெத்தா இருக்கு, காவலுக்கு ஆகுமா?" என்பார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டாஃபிக்கு மனிதரிடம் ஒரு சுபாவம், மற்ற நாய்களிடம் வேறொரு சுபாவம். ஒன்றை வைத்து மற்றதை எடை போடாதீர்கள். முதலாமவர் பயப்படுகிற அளவுக்கு அது மனிதருக்கு ஆபத்தில்லை. இரண்டாமவர் நினைக்கிற காவலுக்கு அது லாயக்கில்லை; திருடன் வந்தால் டார்ச் அடித்து வழி காட்டும். ஆனால் தெருவில் எதிரே வரும் இன்னொரு நாய் விஷயத்தில் இரண்டு பேருமே யோசிப்பதில்லை. இந்த நாயோடு வாழ்கிறவனுக்கு உண்மையான வேலை அங்கேதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில் டட்லி. இந்த இனம் உருவான ஊர்கள் எல்லாம் இங்கிருந்து கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் இருப்பது காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயாக எடுத்து வந்த ஒரு சிவப்புப் பெட்டை. பெயர் செவலை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாழ்நாள் முழுக்க இந்த நாய்களையே வளர்த்தவர். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொல்லிக் கொடுத்தது.

எங்கிருந்து வந்தது

கட்டிப் போட்ட காளை மேல் நாயை ஏவிவிட்டு ஊரே கூடி வேடிக்கை பார்ப்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கேளிக்கை. அதற்கென்றே இருந்தது பழைய புல்டாக். 1835இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். காளையை ஒளித்து வைத்து வேடிக்கை காட்ட முடியாது. ஆனால் இரண்டு நாயை மதுக்கடையின் பின்கட்டில் மோதவிடலாம், போலீஸ் வந்தால் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு நழுவலாம். அதற்குக் கனத்த புல்டாக்கைவிடச் சின்னதாக, சுறுசுறுப்பாக ஒன்று வேண்டியிருந்தது. புல்டாக்கையும் டெரியரையும் கலப்பது முன்பே நடந்துகொண்டிருந்ததுதான்; இப்போது மும்முரமானது. 1860களில் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹிங்க்ஸ் இந்தக் கலப்பை மேலும் மெருகேற்றி வெள்ளை நிற புல் டெரியரைக் கொண்டுவந்தார். அது கண்காட்சிகளுக்கும் கனவான்களின் வீடுகளுக்கும் போய்விட்டது. பழைய வகை மட்டும் பிளாக் கன்ட்ரி என்று சொல்லப்படும் இந்தப் பகுதியிலேயே, நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடமும் சங்கிலியும் ஆணியும் அடிக்கிறவர்களிடமும் தங்கிவிட்டது.

1935இல்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. கிராட்லி ஹீத்தில் கிராஸ் கன்ஸ் என்ற மதுக்கடையை நடத்திய ஜோ மாலனும் அவருடைய கூட்டாளிகளும் அங்கேதான் கூடிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஜிம் த டேண்டி என்ற நாயை முன்மாதிரியாக வைத்து, தலை இப்படி, மார்பு இப்படி, வால் இப்படி என்று எழுதினார்கள். 1939இல் இந்த இனத்தின் முதல் கண்காட்சிச் சாம்பியன்கள் இரண்டு: மாலனின் ஜென்டில்மன் ஜிம், இன்னொன்று லேடி ஈவ் என்ற பெட்டை. முதலில் எழுதிய இலக்கணத்தில் உயரம் 15 முதல் 18 அங்குலம் வரை இருந்தது. 1948இல் அதை 14 முதல் 16 அங்குலம் என்று குறைத்துவிட்டார்கள், எடையைக் குறைக்கவில்லை. இன்றைக்கு ஸ்டாஃபி குட்டையாக, கட்டுமஸ்தாக, அகன்ற மார்போடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண் நாய் 13 முதல் 17 கிலோ, பெட்டை 11 முதல் 15 கிலோ சொச்சம். தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும். பஞ்சு எங்கேயும் கிடையாது, முழுக்கத் தசை.

மனிதரிடம் இவ்வளவு சாது ஏன் என்றால், பெரியவர் சொல்லும் காரணம் இது. சண்டைக் குழியில் நாய்கள் கவ்விக்கொண்டிருக்கும்போது ஆட்கள் கையை விட்டுத்தான் பிரித்து எடுப்பார்கள். அந்தக் கையைக் கடிக்கிற நாயை யாரும் குட்டி போட விடமாட்டார்கள். இது முழுக் கதை என்று நான் நினைக்கவில்லை. ஒரே அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு அடுப்பங்கரையில் படுத்துக் கிடந்த நாய் இது. பிள்ளையைக் கடித்தால் அந்த வீட்டில் அதற்கு இடம் இருந்திருக்காது. எப்படியோ, நூறு வருடத்துக்கு மேல் இந்தத் தேர்வு நடந்திருக்கிறது. கென்னல் கிளப் இலக்கணத்தில் பிள்ளைகளிடம் பிரியமாக இருக்கும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்காகக் குழந்தையையும் நாயையும் ஒரே அறையில் விட்டுவிட்டு நீங்கள் மாடிக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. இதைப் பிள்ளை பார்க்கும் ஆயா நாய் என்று சொல்லிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிப்பதில்லை. எந்த நாயும் ஆயா இல்லை.

சட்டத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நம் ஆட்கள் ஸ்டாஃபி, பிட் புல், எக்ஸ்எல் புல்லி மூன்றையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். 1991ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம் பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரசிலேரோ ஆகியவற்றைத் தடை செய்தது. எக்ஸ்எல் புல்லி பின்னால் சேர்ந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஸ்டாஃபி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு நாய் பிட் புல் வகையா இல்லையா என்பதைச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உருவத்தை அளந்துதான் முடிவு செய்கிறார்கள். எனவே ஆன்லைன் விளம்பரத்தில் "ஸ்டாஃபி கிராஸ்" என்று போட்டு, கால் நீண்டு உயரமாக வளரப்போகிற குட்டி ஒன்றை விற்றால் வாங்கவேண்டாம். நாளைக்கு அது போலீஸ் அளவுகோலுக்குள் போய் நின்றால் சங்கடம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று. நாய் கட்டுக்கு அடங்காமல் போய் ஒருவரைப் பயமுறுத்தினாலே குற்றம், கடித்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. 2014 முதல் இது சொந்த வீட்டுக்குள்ளும் பொருந்தும். தபால்காரர் கதவின் துவாரத்தில் கையை விட, உள்ளே நாய் விரலைப் பிடித்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். கதவுக்கு உள்பக்கம் ஒரு கம்பிக்கூடை மாட்டிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. வெளியே போகும்போது கழுத்துப் பட்டையில் உங்கள் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும். உடம்பில் மைக்ரோசிப் கட்டாயம். வீடு மாறினால் சிப் எண்ணோடு பதிவான விலாசத்தையும் மாற்றவேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

குட்டியா, வளர்ந்த நாயா

என்னைக் கேட்டால் வளர்ந்த நாய். இங்கிலாந்தின் காப்பகங்களில் ஸ்டாஃபிக்கும் ஸ்டாஃபி கலப்புக்கும் பஞ்சமே கிடையாது. வளர்ந்த நாயிடம் ஒரு பெரிய சௌகரியம், அதன் குணம் ஏற்கெனவே தெரிந்துவிடும். மற்ற நாய்களோடு ஒத்துப்போகாத சுபாவம் ஸ்டாஃபிக்குக் குட்டியில் தெரியாது. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள்தான் முளைக்கும். பூங்காவில் எல்லா நாயோடும் உருண்டு புரண்டு விளையாடிய குட்டி, ஒருநாள் இன்னொரு நாயைப் பார்த்து விறைத்து நிற்கும். உரிமையாளர் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று திகைத்து நிற்பார். காப்பகத்தில் எடுத்தால், பூனையோடு எப்படி, நாயோடு எப்படி, தனியாக எத்தனை நேரம் இருக்கும் என்று அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

குட்டிதான் வேண்டும் என்றால், வளர்ப்பவரிடம் நேரே போய்த் தாயோடு சேர்த்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கடைக்காரரோ தரகரோ குட்டி விற்கக் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. பிறகு, தாய் தகப்பன் இரண்டுக்கும் இரண்டு மரபணுச் சோதனை முடிவைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றின் பெயர் எல்-2-ஹெச்ஜிஏ. உடம்பில் ஒரு அமிலம் உடைபடாமல் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். வலிப்பு, தள்ளாட்டம், ஓடிவிட்டு வந்தால் கால் விறைப்பது எல்லாம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கும். மற்றொன்று பரம்பரைக் கண்புரை, ஹெச்சி என்பார்கள். குட்டியிலேயே ஆரம்பித்து இரண்டு மூன்று வயதுக்குள் பார்வையைப் பறித்துவிடும். இரண்டுமே பெற்றோர் இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் நோயாகும். ஆகவே ஒன்று "கிளியர்" (கோளாறான மரபணு இல்லை), மற்றது "கேரியர்" (ஒன்று மட்டும் உண்டு, நோய் இல்லை) என்றிருந்தால் பயமில்லை, குட்டிக்கு நோய் வராது. இரண்டும் கேரியர் என்றால் வேண்டாம். "எங்க நாய்க்கு அதெல்லாம் வராதுங்க" என்று வாயால் சொல்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சாம்பல் நிறத்தை "ப்ளூ" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். அந்த நிறம் தப்பில்லை, இலக்கணத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த நிற நாய்களில் சிலவற்றுக்கு முடி உதிர்ந்து தோல் கெடுகிற கோளாறு வரும். நிறத்துக்காகக் காசைக் கொட்டுவதற்குப் பதில் அதே காசில் நல்ல காப்பீடு எடுக்கலாம்.

வீட்டுக்குள்

இந்த நாய்க்கு ஆள் வேண்டும். அதுவும் தொட்டுக்கொண்டிருக்கும் தூரத்தில் வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இல்லை, மடியில். குளியலறைக் கதவுக்கு வெளியே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். மதுரையிலிருந்து அம்மா வந்து இறங்கிய அன்று, "என்னடா இது, மூஞ்சியைப் பார்த்தா வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஊருக்குத் திரும்புவதற்குள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற அளவுக்கு இரண்டு பேரும் ஒட்டிவிட்டார்கள்.

இந்தப் பிரியத்துக்கு மறுபக்கம் தனிமை. கணவன் மனைவி இருவரும் காலை ஏழு மணிக்குப் போய்ச் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிற வீடு என்றால், தயவுசெய்து இந்த இனம் வேண்டாம். அந்தத் தாடைக்குச் சலிப்பு வந்தால் கதவு நிலை, சோபா, படிக்கட்டு விளிம்பு எல்லாம் தூளாகும். நானும் மனைவியும் ஷிப்ட் வேலை என்பதால் மாற்றி மாற்றி வீட்டில் யாராவது இருப்போம்; நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடுவதில்லை. தனியாக இருக்கப் பழக்குவதையும் முதல் வாரத்திலேயே தொடங்கவேண்டும். கதவை மூடி அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது கொஞ்சவேண்டாம், வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

மெல்லுவதற்கு ஏதாவது எப்போதும் இருக்கவேண்டும். துணிப் பொம்மை ஐந்து நிமிடம் தாங்காது. பஞ்சை விழுங்கிவிட்டால் இன்னொரு தொல்லை. காங் என்கிற, உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி, உள்ளே அதன் உணவையும் கொஞ்சம் தயிரையும் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். கயிறு இழுக்கிற விளையாட்டு இந்த நாய்க்கு உயிர். அது விளையாடினால் ஆக்ரோஷம் வரும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே நிபந்தனை, "விடு" என்றால் விடவேண்டும். கற்றுக்கொடுப்பது சுலபம்: கயிறு இழுப்பதை நிறுத்தி உங்கள் கையைத் தொடையோடு ஒட்டி அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள், மூக்குக்கு நேரே ஒரு துண்டு வேகவைத்த கோழி. வாய் திறக்கிற அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, கோழியைக் கொடுத்து, உடனே கயிற்றைத் திரும்பக் கொடுங்கள். விட்டால் பறிபோகாது, இன்னும் கிடைக்கும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

அடித்து வளர்க்காதீர்கள். முரட்டு உருவத்தைப் பார்த்துவிட்டு இதற்கு முரட்டுக் கைதான் சரி என்று நினைக்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் குரலை உயர்த்தினாலே காதை மடக்கிக்கொண்டு சுருண்டுவிடும் நாய் இது. வலி மட்டும் அவ்வளவாகக் காட்டாது, அதனால் அடி அதற்கு எதையும் கற்றுக்கொடுக்காது. உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் போகும்.

விருந்தாளிகள் விஷயம். நம்ம வீடுகளில் பொங்கலுக்கு இருபது பேர் வந்து நிற்போம், அதில் பாதிப் பேருக்கு நாய் என்றால் பயம், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். ஸ்டாஃபிக்கு அது திருவிழா. பாய்ந்து, முகத்தை நக்கி, அந்தப் பாறை மண்டையால் முழங்காலில் இடித்து வரவேற்கும். கடிக்காது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தரையில் விழும். நடைவழியில் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கதவு ஒன்றைப் போடுங்கள். எல்லோரும் உட்கார்ந்து அமளி அடங்கிய பிறகு கயிற்றோடு கொண்டுவந்து, உட்கார்ந்தால் மட்டும் தடவிக்கொடுக்கச் சொல்லுங்கள். பயப்படுகிறவரைப் போய் "ஒண்ணும் பண்ணாது அத்தை, தொட்டுப் பாருங்க" என்று வற்புறுத்தவேண்டாம்.

வெளியே, எதிரே இன்னொரு நாய்

இதற்குத்தான் இத்தனையும். நாங்கள் வழக்கமாக நடப்பது நெதர்டன் பக்கம், பம்பிள் ஹோல் கால்வாய்க்கரை. பழைய காப்ஸ் எஞ்சின் ஹவுஸ் கட்டடத்தைத் தாண்டினால் பாதை ஒடுங்கும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் புதர். எதிரே நாய் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அதனால் அகலமான புல்வெளிப் பக்கத்திலேயே பயிற்சியை முடித்துவிட்டுத்தான் ஒடுங்கிய பக்கம் போகவேண்டும்.

முதலில் நாயின் உடம்பைப் படிக்கப் பழகுங்கள். செவலை சும்மா இருக்கும்போது வாய் அகலத் திறந்து, நாக்கு தொங்கி, வால் தளர்ந்து ஆடும். தூரத்தில் ஒரு நாயைப் பார்த்தவுடன் நடப்பது இந்த வரிசையில்தான்: வாய் மூடும். காது முன்னால் வந்து நிற்கும். நெற்றியில் சுருக்கம் விழும். உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வரும், வால் ஆடாமல் நிற்கும். அப்புறம் கண் இமைக்காமல் பார்க்கும். வாய் மூடிய அந்த இடத்திலேயே நீங்கள் வேலையை ஆரம்பித்துவிடவேண்டும்; இமைக்காத பார்வைவரை காத்திருந்தால் தாமதம், உங்கள் குரல் காதில் ஏறாது.

வேலை என்பது இவ்வளவுதான். எதிர் நாய் கண்ணில் பட்டதும் "நல்ல பொண்ணு" என்று சொல்லி ஒரு துண்டு கோழியை அதன் மூக்கருகே கொண்டுவந்து உங்கள் கால் பக்கம் திருப்புங்கள். மறுபடி பார்க்கும், மறுபடி ஒரு துண்டு. நாயைப் பார்த்தால் கோழி, நாய் மறைந்தால் கோழியும் நிற்கும். எத்தனை தூரத்தில் அது சாப்பிடுகிறதோ அதுதான் உங்கள் தூரம். சாப்பிட மறுத்தால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள், திரும்பி நடங்கள். இதை விடாமல் சில மாதம் செய்தால், எதிர் நாயைப் பார்த்தவுடன் அதுவே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். முன்பின் தெரியாத நாயோடு மூக்கோடு மூக்கு உரசவிடுவது, "அதுங்களே பழகிக்கும்" என்று விடுவது, இரண்டும் வேண்டாம். ஸ்டாஃபி பெரும்பாலும் சண்டையை ஆரம்பிக்காது. ஆனால் சவால் வந்தால் பின்வாங்குகிற சுபாவம் அதற்கு இல்லை, கவ்வினால் லேசில் விடவும் விடாது. சண்டை நடந்தால் எதிர் நாய்தான் முதலில் குரைத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை, எல்லோரும் உங்கள் நாயின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நியாயமில்லைதான். ஆனால் நிலைமை அதுதான்.

எனவே பொது இடத்தில் கயிற்றை அவிழ்க்கவேண்டாம். ஓடவேண்டும் என்றால் வேலி போட்ட மைதானங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மார்பை ஒய் வடிவத்தில் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டினால் மூச்சு இரைக்க இழுத்துக்கொண்டே போகும். சுருண்டு நீளும் தானியங்கிக் கயிறு இந்த நாய்க்கு ஆகாது, ஒரே தாவலில் கைப்பிடி போய்விடும். கூடை மாதிரியான வாய்ப்பூட்டு ஒன்றைப் பிரச்சினை வருவதற்கு முன்பே பழக்கி வையுங்கள். உள்ளே வெண்ணெய்க்கட்டி தடவி, அதுவே மூக்கை நுழைக்கும்படி விட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடும். டாக்டரிடம் காயம் காட்டும்போது உதவும்.

கால்வாய் என்றதும் இன்னொன்று: ஸ்டாஃபிக்கு நீச்சல் சரியாக வராது. தலையும் மார்பும் கனம், கால் குட்டை, முன்பக்கம் அமிழ்ந்துவிடும். தண்ணீர்ப் பக்கம் போகிறவர்கள் மிதவைச் சட்டை வாங்கிப் போடுங்கள்.

நாளைக்கு ஒரு மணி நேர நடை போதும், இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வெறும் நடையைவிட மோப்பம் இந்த நாயை நன்றாகக் களைப்பாக்கும். அதன் சாப்பாட்டில் ஒரு பிடியைப் புல்லில் வீசிவிட்டுத் தேட விடுங்கள், இருபது நிமிடம் தலை நிமிராது. வெயில் நாளில் காலையிலும் இருட்டுகிற நேரத்திலும் மட்டும் நடக்கவேண்டும். மூக்கு கொஞ்சம் குட்டை, உடம்பு முழுக்கத் தசை, சூடு சீக்கிரம் ஏறும். தானாக நிறுத்தத் தெரியாது, மயங்கி விழும்வரை பந்தின் பின்னால் ஓடும். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. முடி குட்டை, வயிற்றில் ஏறக்குறைய முடியே கிடையாது. ஒரு மழைக்கோட்டு வேண்டும். மழை பெய்தால் செவலை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடும், மற்றபடி எதற்கும் அஞ்சாத நாய்.

நம்ம அடுப்பங்கரை

தமிழ் வீட்டில் நாய்க்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் உள்ள பட்டியல் சொல்லாது. கேசரியிலும் பாயசத்திலும் போடுகிற உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம்தானே என்று விடக்கூடாது, தின்றுவிட்டால் உடனே டாக்டருக்குப் போன். சாம்பாரிலும் குழம்பிலும் உள்ள வெங்காயம், பூண்டு ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். கறிக்குழம்பு எலும்பு வெந்தது, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாம்பழ சீசனில் கொட்டையைக் குப்பைத் தொட்டியில் மூடி போட்டு வையுங்கள். ஸ்டாஃபி அதை முழுசாக விழுங்கும், குடலில் போய் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சையில் முடியும். சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உள்ள சூயிங்கம் எல்லாம் நாய்க்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாளிக்காத தயிர்சோறு ஒரு கை, வெறும் இட்லி ஒரு துண்டு, வேகவைத்த முட்டை, கேரட் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் மேஜைக்கு அடியில் இட்லி போன கணக்கு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். விலா எலும்பு விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்த்து நான் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வேன். தடவினால் விலா தெரியவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்கவேண்டும். வாயு விடுவதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: விடும், நிறைய விடும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அளவுக்கு மேல் என்றால் உணவை மாற்றிப் பாருங்கள்.

தோலும் மற்றவையும்

சீப்பு, முடிவெட்டு என்று செலவு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை ரப்பர் கையுறையால் தேய்த்துவிட்டால் போதும். அந்த நேரத்தில் தோலைப் பாருங்கள். ஸ்டாஃபியின் பலவீனம் தோல்தான். பூந்தாது காலத்தில் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், அக்குளும் அடிவயிறும் சிவக்கும், காதில் புளித்த வாடை வரும். நடந்துவிட்டு வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்துக் காய வைப்பது நன்றாகப் பலன் தருகிறது. குட்டிக்கு முகத்தில் வட்டமாக முடி கொட்டினால் ஒருவகைத் தோல் உண்ணியாக இருக்கலாம், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தெள்ளு, உண்ணி, நத்தையால் வரும் நுரையீரல் புழு மூன்றுக்கும் டாக்டரே மாத்திரையோ மருந்தோ எழுதித் தருவார். பல் துலக்க நாய்க்கென்று உள்ள பசைதான், நம் பசை கூடாது.

நவம்பர் 5ஐ ஒட்டி இங்கே வெடிக்கும் வெடியும் நம்ம தீபாவளியும் பல வருடங்களில் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேரும். இரண்டு வாரம் தொடர்ந்து சத்தம். செப்டம்பரிலேயே வெடிச்சத்தப் பதிவை மெதுவான ஒலியில் சாப்பாட்டு வேளையில் போட ஆரம்பித்து, நாள் போகப் போகக் கூட்டுங்கள். அந்த இரவுகளில் இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்து, திரையை இழுத்துவிட்டு, மேஜையின் மேல் போர்வை போட்டு அடியில் ஒரு குகை செய்து கொடுங்கள். பயந்து ஒட்டிக்கொண்டால் ஆறுதல் சொல்லலாம், அதனால் பயம் வளரும் என்பது சும்மா பேச்சு.

பன்னிரண்டு முதல் பதினான்கு வருடம் இருக்கும் நாய் இது. எட்டு வயது தாண்டியதும் மாதம் ஒருமுறை உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். இந்த இனத்துக்கு மாஸ்ட் செல் கட்டிகள் என்ற ஒருவகைத் தோல் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். பட்டாணி அளவுதான் இருக்கும், ஒருநாள் பெரிதாகும், மறுநாள் சுருங்கும், கொசுக்கடி என்று நினைக்க வைக்கும். எந்தக் கட்டி தட்டுப்பட்டாலும் போட்டோ எடுத்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள், ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். "கொழுப்புக் கட்டிதான், பார்த்தாலே தெரியுது" என்று சோதிக்காமல் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். காப்பீட்டையும் நாய்க்கு ஒன்றும் வருவதற்கு முன்பே, வாழ்நாள் முழுக்கச் செல்லுகிற வகையில், மற்றவருக்கு நேரும் சேதத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வந்த பிறகு எடுத்தால் அந்த நோய்க்குத் தரமாட்டார்கள்.